லொறி கேம்பரில் குடும்பப் பயணம்: யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோருக்கு முழுமையான வழிகாட்டி

இங்கே கேம்பர் என்று சொல்வது கன்ரர், எல்ஃப் மாதிரியான சிறிய லொறியின் சேஸில் கூடு கட்டி, உள்ளே படுக்கை, சின்னக் குசினி, தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம் எல்லாம் பொருத்திய வண்டியை. பட்டா என்று சொல்லும் குட்டி லொறியிலும் இப்படிக் கட்டலாம். அது இரண்டு பேருக்குச் சரி, குடும்பத்துக்குக் காணாது.

ஊருக்கு வரும் உறவினர்களுக்காக இந்த வண்டிகளைப் பேசி, பார்த்து, கையேற்றுக் கொடுத்து வருகிறேன். புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில்தான் தடுக்கி விழுகிறார்கள். படத்தைப் பார்த்து வண்டியைத் தெரிகிறார்கள், பிறகு வாடகையைப் பேசுகிறார்கள், இரவில் எங்கே நிறுத்துவது என்பதைப் புறப்பட்ட பிறகுதான் யோசிக்கிறார்கள். கீழே உள்ள படிகள் மற்றப் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. முதல் நான்கு படியும் முடியும்வரை ஒரு சதமும் முற்பணம் கட்டவேண்டாம்.

1. முதலில் இரவுகளை எழுதுங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி: எந்த ஊர், யாருடைய வளவு அல்லது எந்த விடுதி, அங்கே மின்சாரம் எடுக்கலாமா, மலசலகூடம் இருக்கிறதா, கேற் எவ்வளவு அகலம். இந்த ஐந்துக்கும் விடை கிடைத்தால்தான் எப்படிப்பட்ட வண்டி தேவை என்பதே தெரியவரும்.

காரணம் எளிது. வெளிநாட்டில் இருப்பதுபோல, காசு கட்டினால் மின்சாரமும் தண்ணீரும் கழிவு ஊற்றும் இடமும் தருகிற கேம்பர் தரிப்பிடங்களை நம்பி இங்கே பயணம் போட முடியாது. உங்களுக்குக் கிடைப்பது உறவினர் வளவு, விருந்தினர் விடுதியின் முற்றம், சில கடற்கரைகளின் வாகனத் தரிப்பிடம், சொல்லிவைத்தால் ஒரு கோயில் மடத்தடி. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்புத் தேவை.

முதல் தடவை என்றால் மன்னார்ப் பக்கம் போகச் சொல்வேன். ஏ32 வீதியில் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, பூநகரி வழியாகப் போனால் ஏறக்குறைய 120 கிலோமீற்றர். வீதி நேர், மேடுபள்ளம் குறைவு. திருக்கேதீஸ்வரமும் மடுவும் அந்தப் பக்கமே. ஏதாவது பிழைத்தால் அரை நாளில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நிலாவெளிதான் போகவேண்டும் என்று பிள்ளைகள் நின்றால், ஏ9 இல் வவுனியா, அங்கிருந்து ஏ29 இல் ஹொறவப்பொத்தானை, பிறகு திருகோணமலை. அதை ஒரே மூச்சில் ஓடாமல் வவுனியாவில் ஓர் இரவு வையுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். மாரி மழை ஒக்ரோபரில் தொடங்கி, நவம்பர், டிசம்பரில் வடக்கையும் கிழக்கையும் நனைத்து எடுக்கும். நனைந்த வளவுக்குள் லொறியை இறக்கினால் பின் ரயர் புதைந்துவிடும். இழுத்தெடுக்க ட்ரக்டர்தான் வரவேண்டும். ஓகஸ்டில் வேறு பிரச்சினை: பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழா, மடுத் திருவிழா எல்லாம் ஒன்றாக வரும். நல்லூர் 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகள் மூடப்படும். உங்கள் வீடு அந்தப் பக்கம் என்றால் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த வேறு இடம் பார்க்கவேண்டும்.

2. இருக்கையையும் படுக்கையையும் வேறுவேறாக எண்ணுங்கள்

விளம்பரத்தில் ‘ஆறு பேருக்கு’ என்று இருந்தால் அது பெரும்பாலும் படுக்கைக் கணக்கு. ஓடும்போது பட்டி போட்டு இருக்கக்கூடிய இடம் எத்தனை என்று கேளுங்கள். முன்னுக்கு மூன்று, பின்னால் ஒன்றும் இல்லை என்ற வண்டிகளும் உண்டு.

பக்கவாட்டாக இருக்கும் வாங்குகளில் பட்டி போட்டாலும் பயன் குறைவு. திடீரென்று பிறேக் பிடிக்கும்போது உடம்பு முன்னுக்குத்தான் போகும். பக்கவாட்டு இருக்கையில் அந்த வீச்சை இடுப்பும் கழுத்தும் தாங்கவேண்டிவரும். பிள்ளைகளை முன்னோக்கிய, மூன்று முனைப் பட்டியுள்ள இருக்கையில்தான் இருத்தவேண்டும். முன்கூரைக்கு மேலே இருக்கும் படுக்கையில், வண்டி ஓடும்போது யாரும் ஏறக்கூடாது. பிள்ளைகள் கேட்கும் முதல் இடமே அதுதான், எனவே புறப்படும் முன்னமே சொல்லிவிடுங்கள்.

படுக்கைக் கணக்கில் வயதானவர்களை முதலில் வையுங்கள். அம்மம்மாவுக்கு ஏணி ஏற ஏலாது. இரவில் இரண்டு தரம் எழும்புவார். அவருக்குக் கீழ்ப் படுக்கை, அதுவும் கதவுக்குக் கிட்ட. சாப்பாட்டு மேசையை இறக்கித்தான் அந்தப் படுக்கை வரும் என்றால், அவர் எட்டு மணிக்குப் படுத்ததும் மற்றவர்களுக்கு இருக்க இடமில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இங்கே மட்டும் வரும் கேள்வி: சாரதி எங்கே படுப்பார்? இலங்கையில் வாகனம் சாரதியோடுதான் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அப்படி என்றால் அவருக்குப் படுக்கையும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. குடும்பம் உள்ளே படுக்க, அவர் முன் இருக்கையில் மடங்கிக் கிடந்து நித்திரையில்லாமல் அடுத்த நாள் ஓடினால், அது அவருக்கும் அநியாயம், உங்களுக்கும் ஆபத்து. ஒவ்வொரு இரவுக்கும் எழுதிய வரியில் சாரதியின் படுக்கையையும் சேருங்கள்.

3. அனுமதிப்பத்திரமும் நிறையும்

இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் பி பிரிவு 3,500 கிலோ மொத்த நிறை வரை. அதற்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு சி1 வேண்டும். கன்ரர் அளவு வண்டிகள் இந்த எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பதிவுச் சான்றிதழில் மொத்த நிறை என்ற இடத்தைப் பாருங்கள். உரிமையாளர் வாயால் சொல்வதை எடுக்கவேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தங்கள் நாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இங்கே ஓட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் கொண்டுவந்தால் கொழும்பில் உள்ள இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் அதை அங்கீகரித்து எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். 2025 இல் கட்டுநாயக்கா விமான நிலையத்திலும் அதை வழங்கத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த பிறகு இது நினைவுக்கு வந்தால் திரும்ப 400 கிலோமீற்றர்.

கனடா உறவினர்கள் அடிக்கடி சொல்வது, ‘அங்கே இதைவிடப் பெரியது ஓடியிருக்கிறேன்’ என்று. உண்மைதான், ஒன்ராறியோவின் ஜி அனுமதிப்பத்திரத்தில் 11,000 கிலோ வரை ஓடலாம். ஆனால் இங்கே விபத்து என்று வந்தால் பார்ப்பது உங்கள் கையில் உள்ள இலங்கை அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு என்பதைத்தான்.

நிறைக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். மொத்த நிறை 3,500, கூடு கட்டிய வெறும் வண்டி 2,850 என்று வைப்போம். மிச்சம் 650 கிலோ. நாலு பெரியவர்கள் 260, இரண்டு பிள்ளைகள் 60, தண்ணீர் 80 லீற்றர் என்றால் 80 கிலோ, காஸ் சிலிண்டர் 12, பெட்டி படுக்கை உணவு 120, மேசை கதிரை 30. ஆக 562. டீசல் 60 லீற்றர் நிரப்பினால் இன்னும் 50. கையில் இருப்பது 38 கிலோ. அதற்குப் பிறகுதான் மாமி ஒரு மூட்டை அரிசியும், பத்து இளநீரும், மாம்பழப் பெட்டியும் ஏற்றிவிடுவார்.

மிஞ்சினால் என்ன என்று கேட்பார்கள். பிறேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும், பின் ரயர் சூடேறி வெடிக்கும், காப்புறுதிக்காரர் கை விரிப்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கும். வெறும் வண்டியின் உண்மையான நிறை தெரியாவிட்டால், லொறி நிறுக்கும் இடத்தில் ஒரு தரம் ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கிற உரிமையாளரிடம் வண்டி எடுக்காமல் விடுவதே நல்லது.

4. வண்டியின் பத்திரங்கள்

பதிவுச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி அட்டை. நான்கையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாகன இலக்கம் நான்கிலும், சேஸ் இலக்கம் அது உள்ள பத்திரங்களிலும் ஒன்றாக இருக்கவேண்டும்.

இதில் கவனம் வைக்கவேண்டிய இடம் இரண்டு. முதலாவது, வண்டியின் வகை. லொறியாகப் பதிந்த சேஸில் கூட்டைக் கட்டிவிட்டு, மாற்றத்தைத் திணைக்களத்தில் பதியாமல் விட்டால், கடதாசியில் அது இன்னும் லொறிதான். பின்னால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது சாமான் ஏற்றும் இடத்தில் ஆட்களை ஏற்றுவதாகிவிடும். பதிவில் உள்ள இருக்கை எண்ணிக்கை உங்கள் குடும்பத்தின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, காப்புறுதி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் இந்த வண்டிக்கு ஏற்படும் சேதம் முழுக்க உங்கள் தலையில். முழுக் காப்புறுதி என்றாலும், தனிப்பட்ட பாவனைக்கு எடுத்ததா, வாடகைக்கு விடுவதற்கும் சேர்த்து எடுத்ததா என்று கேளுங்கள். தனிப்பட்ட பாவனைக் காப்புறுதியில் வாடகைக்குப் போன வண்டிக்கு இழப்பீடு கேட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்பவேண்டிவரும். காப்புறுதி நிறுவனத்துக்கு நீங்களே அழைத்து வாகன இலக்கத்தைச் சொல்லிக் கேட்பதுதான் உறுதியான வழி. ஐந்து நிமிட வேலை.

5. வாடகையைப் பேசுவது

வாடகை என்று சொன்ன தொகைக்குள் என்ன அடங்குகிறது என்பதை எழுத்தில் எடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், மிஞ்சினால் கிலோமீற்றருக்கு எவ்வளவு, சாரதிக்கான படிப்பணம், காஸ், படுக்கை விரிப்பு, வைப்புப் பணம், அது எத்தனை நாளில் திரும்பும், சேதம் வந்தால் முதலில் நீங்கள் கட்டவேண்டிய உச்சத் தொகை.

கொழும்பு, நீர்கொழும்புப் பக்கத்து வண்டி என்றால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் தூரமும் திரும்பிப்போகும் தூரமும் யார் கணக்கில் என்று கேளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். போக வர 800 கிலோமீற்றர் உங்கள் கணக்கில் விழுந்தால், நீங்கள் சுற்றிப் பார்க்கும் தூரத்தைவிட அது கூட.

வழியில் பழுதானால் யார் வருவார், எத்தனை மணித்தியாலத்தில் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ‘கூப்பிடுங்கோ, பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதிலில் மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில், குழந்தைகளோடு, மத்தியான வெயிலில் நிற்க முடியாது. கன்ரர், எல்ஃப் சேஸ் என்றால் இயந்திரப் பழுதுக்குக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கராஜ் இருக்கிறது. கூட்டுக்குள் இருக்கும் பம்பியும் பற்றறிச் சாதனங்களும்தான் தெரிந்த ஆள் கிடைக்காத பழுதுகள்.

6. கையேற்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் கையேற்றுக்கொள்ளுங்கள், இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். உரிமையாளர் அவசரப்படுத்துவார். நீங்கள் அவசரப்படவேண்டாம்.

வெளியிலிருந்து தொடங்குங்கள். கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கூரை விளிம்பு, நாலு மூலை, அடிப்பக்கம், கண்ணாடி, ஒவ்வொரு கீறலையும் வாயால் சொல்லிப் பதியுங்கள். கடைசியில் எரிபொருள் மானியும் கிலோமீற்றர் மானியும் ஒரே சட்டத்தில் தெரிய நிறுத்துங்கள்.

ரயர்: பூவை, அதாவது வீதியில் படும் பக்கத்து வெட்டுகளை, மட்டும் பார்ப்பது காணாது. இந்த வண்டிகள் மாதக்கணக்கில் நின்ற இடத்தில் நிற்பவை. பூ தேயும் முன்னமே றப்பர் கிழடாகிவிடும். பக்கச் சுவரில் தயாரித்த திகதிக்கு நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை. ஆறு ஏழு வருடம் தாண்டியிருந்தால், பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் இருந்தால், மாற்றிய பிறகு வருகிறோம் என்று சொல்லுங்கள். பின்னுக்கு இரட்டை ரயர் என்றால் உள் ரயரைக் கை விட்டுப் பாருங்கள். உள்ளே காற்றில்லாமல் இருந்தாலும் வெளி ரயர் தாங்கிக்கொண்டு நிற்கும், பார்வைக்குத் தெரியாது. ஸ்பெயர் ரயர், யக், சக்கரச் சாவி மூன்றும் இருக்கிறதா என்பதோடு, அந்தச் சாவி அந்த நட்டுக்குப் பொருந்துகிறதா என்றும் போட்டுப் பாருங்கள்.

கூரை ஒழுக்கு: கதவைத் திறந்ததும் முதலில் மூக்கால் பாருங்கள். ஈரப் பலகை மணம் வந்தால் ஒழுக்கு இருக்கிறது. மெத்தையைத் தூக்கி அடிப்பலகையையும், யன்னல் மூலைகளையும், முன்கூரைப் படுக்கையின் மேல் மூலையையும் பெருவிரலால் அழுத்துங்கள். பலகை அமுங்கினால் உள்ளே உக்கிவிட்டது. முடியுமென்றால் ஒரு ஹோஸால் கூரையில் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் மழை இரவில் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு இருக்கவேண்டிவராது.

உள்ளே உள்ள ஒவ்வொரு சாமானையும் நீங்களே இயக்குங்கள். அவர் இயக்கிக் காட்டினால் போதாது. பம்பியைப் போட்டுத் தண்ணீர் திறவுங்கள், மூடுங்கள். மூடிய பிறகும் பம்பி விட்டுவிட்டு உறுமினால் எங்கோ கசிகிறது. படுக்கையை விரித்து மடியுங்கள். காஸ் அடுப்பை எரியவிட்டுப் பார்த்து, அணைத்துவிட்டு, சவர்க்கார நுரையை காஸ் குழாயின் மூட்டுகளில் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். எனவே தரையில் வெளியே போகும் துவாரம் இருக்கவேண்டும், அதைப் பாயால் மூடியிருக்கக்கூடாது. தீயணைப்புக் கருவியின் திகதியையும் பாருங்கள்.

7. மின்சாரம்: கணக்குப் போட்டு நம்புங்கள்

கேம்பரில் இரண்டு பற்றறி உண்டு. ஒன்று லொறியை ஸ்ராட் பண்ண. மற்றது வீட்டுப் பாவனைக்கு. இரண்டும் வேறாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இரவு முழுக்க ஃபான் ஓடி, காலையில் வண்டி ஸ்ராட் ஆகாது.

வீட்டுப் பற்றறி எத்தனை ஆம்பியர் மணி, லிதியமா ஈயமா என்று கேளுங்கள். 100 ஆம்பியர் மணி லிதியம் ஏறக்குறைய 1,280 வாட் மணி. ஈயப் பற்றறி என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே இறக்கினால் பற்றறி சீக்கிரம் செத்துவிடும். செலவுப் பக்கம்: 45 வாட் குளிர்ப்பெட்டி பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 540. இரண்டு சின்ன ஃபான், 20 வாட் வீதம் எட்டு மணித்தியாலம், 320. விளக்கு, கைபேசி 150. ஆக 1,010. லிதியம் என்றால் ஓர் இரவு பகல் தாங்கும். ஈயம் என்றால் விடியும் முன்னமே ஃபான் நிற்கும்.

இந்தக் கணக்கில் ஏசி இல்லை என்பதைக் கவனியுங்கள். சின்ன ஏசி ஒன்று 700 வாட்டுக்கு மேலே இழுக்கும், பற்றறியில் ஒரு மணித்தியாலம் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடாது. ஏசி வேண்டும் என்றால் அந்த இரவு 230 வோல்ற் பிளக் உள்ள இடத்தில்தான் நிற்கவேண்டும். முதலாம் படியில் மின்சாரத்தைப் பற்றி எழுதச் சொன்னது இதற்காகத்தான். ‘ஏசி உண்டு’ என்ற விளம்பரத்தை நம்பிக் கடற்கரைக்குப் போய், புழுக்கத்தில் கதவைத் திறந்து நுளம்போடு கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சோறு அவிக்கும் ரைஸ் குக்கர் 500 முதல் 700 வாட். அரை மணித்தியாலம் என்றால் சமாளிக்கலாம். மின்கேத்தல் 1,500 வாட்டுக்கு மேல். சின்ன இன்வேற்றரில் போட்டால் உடனே நின்றுவிடும்.

வீட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் உள்ள நீட்டுக் கேபிள் வையுங்கள், உருளையிலிருந்து முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். சுருளாகவே விட்டு ஏசியை ஓட்டினால் கேபிள் சூடேறி உருகும். மூன்று சதுரக் கால் பிளக்கோடு, உருண்டைக் கால் 15 ஆம்பியருக்கான மாற்றியும் ஒன்று கொண்டுபோங்கள். பழைய வீடுகளில் அதுதான் இருக்கும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இல்லை என்றால் அங்கிருந்து எடுக்கவே வேண்டாம். ஈரத் தரையில் நிற்கும் இரும்புக் கூடு, அதில் வெறுங்காலோடு ஏறும் பிள்ளை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

8. தண்ணீரும் கழிவும்

தாங்கியில் நிரப்புவதைக் கழுவலுக்கு மட்டும் வையுங்கள், குடிக்க வேறாகப் போத்தல் அல்லது கலன். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. பல இடங்களில் உவர், சில இடங்களில் நைத்திரேற்றும் கூட. ஆறு பேர் சிக்கனமாகப் பாவித்தால் 80 லீற்றர் ஒரு நாள் வரும். குளிப்பை வளவுக் கிணற்றடியிலோ விடுதியிலோ வையுங்கள். வண்டிக்குள் குளிக்கத் தொடங்கினால் தாங்கி அரை நாளில் காலி.

மலசலகூடக் கலன் பெரும்பாலும் 20 லீற்றருக்கு உட்பட்டது. ஆறு பேர் எல்லாவற்றுக்கும் பாவித்தால் ஒரு நாளில் நிரம்பும். இரவுக்கும் அவசரத்துக்கும் மட்டும் என்று விதி வையுங்கள். அதை வெறுமையாக்குவது வீட்டு மலசலகூடத்துக்குள்தான், வேறெங்கும் இல்லை. வளவின் மூலையில் கிடங்கு வெட்டி ஊற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். இந்த மண்ணுக்கு அடியில் வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல். ஊற்றியது வடிகட்டாமல் கிணற்றுக்குப் போய்ச் சேரும், உங்கள் கிணற்றுக்கு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீரை, எண்ணெயும் பருக்கையும் வடித்துவிட்டு, வாழைக்கு விடலாம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

9. சமையல்

5 கிலோ காஸ் சிலிண்டர் ஒரு கிழமைக்குத் தாராளம். ஓடும்போது சிலிண்டரின் தலையிலேயே மூடுங்கள், அடுப்பில் மூடினால் காணாது. குலுக்கலில் இடையில் உள்ள குழாய் கழன்றால் தடுக்க ஒன்றும் இல்லை.

உள்ளே தேநீர், முட்டை, நூடில்ஸ் மட்டும். மீன் பொரித்தால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை மெத்தை மணக்கும், சுத்திகரிப்புக் கூலியும் பிடிப்பார்கள். வெளியே ஒரு மேசை போட்டுச் சமையுங்கள். முதல் நாளுக்கு இடியப்பமும் கட்டுச்சோறும் வீட்டிலிருந்தே.

10. ஓர் இரவு சொந்த வளவில்

கையேற்ற அன்றே புறப்படவேண்டாம். எல்லோரும் ஓர் இரவு வண்டிக்குள், வீட்டு முற்றத்தில் படுங்கள். பயணத் திட்டத்தில் ஒரு நாள் குறைகிறது என்று முறைப்பாடு வரும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

பகலில் தெரியாதது எல்லாம் அந்த இரவில் வரும். மெத்தையின் நடுவில் உள்ள மூட்டு முதுகில் குத்தும். யன்னல் வலையில் ஓட்டை இருக்கும். அம்மம்மா எழும்பும்போது சுவிட்ச் எங்கே என்று தெரியாது. குளிர்ப்பெட்டியின் சத்தத்தில் குழந்தை எழும்பும். வீட்டு வாசல் இருபது அடி தூரத்தில் இருக்கும்போது இதெல்லாம் சிரித்துக்கொண்டே திருத்தக்கூடியவை. காலையில் பற்றறி மானியைப் பார்த்து எவ்வளவு இறங்கியது என்று குறியுங்கள். ஏழாம் படியில் போட்ட கணக்கு சரியா என்பது அதில் தெரியும்.

சாமானை அடுக்குவதும் அன்றுதான். பாரமானவை கீழே, இரண்டு அச்சுக்கும் இடையில். மேல் அலுமாரியில் துணி மட்டும். ஒரு தரம் ஒழுங்கையைச் சுற்றி ஓடிவந்தால், எது உருளுகிறது, எந்தக் கதவு திறக்கிறது என்று கேட்கும்.

11. ஓடுவது

முன் கண்ணாடியில் மூன்று எண்களை எழுதி ஒட்டுங்கள்: உயரம், அகலம், நீளம். இப்படியான வண்டிகள் பெரும்பாலும் மூன்று மீற்றர் உயரம் வரும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மாமரக் கிளையும், தாழத் தொங்கும் தொலைக்காட்சி வயரும், கோயில் வளைவும் அந்த உயரத்தில்தான். காரில் போய்ப் பழகிய பாதையை இதில் போகலாம் என்று நினைக்கவேண்டாம். ஒழுங்கைக்குள் திரும்பும் முன் ஓர் ஆள் இறங்கி முன்னால் நடக்கட்டும்.

பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி, நீங்கள் வலப்பக்கம் திருப்பும்போது இடப்பக்கம் வீசும். கேற் தூணிலும் மதிலிலும் உரசுவது இதால்தான். தூணைத் தாண்டும்வரை நேரே எடுத்து, பிறகு வெட்டுங்கள். பின்னுக்கு எடுக்கும்போது ஓடுபவரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் ஒரே ஓர் ஆள் நின்று சொல்லவேண்டும். நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து ‘வரட்டும் வரட்டும்’ என்று கத்தினால் இடிபடுவது உறுதி.

பண்ணை வீதியிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் ஆனையிறவிலும் பக்கக் காற்று பலமாக அடிக்கும். கூட்டின் பக்கச் சுவர் அதைப் பாய்போலப் பிடிக்கும். வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் பிடியுங்கள். எதிரே பஸ் தாண்டும் கணத்தில் காற்று நின்று மீண்டும் தள்ளும்.

இருட்டும் முன் நிறுத்தும் இடத்துக்குப் போய்ச் சேருங்கள். மாலையில் ஏ9 இல் மாடுகள், விளக்கில்லாத சைக்கிள்கள். ஹொறவப்பொத்தானைப் பக்கம் யானை. ஐந்து மணிக்குச் சேர்வது என்று திட்டம் போட்டால் ஆறரைக்குச் சேரலாம், எனவே அப்படியே போடுங்கள்.

12. நிறுத்தும் இடத்தில்

முகமாலை, ஆனையிறவுப் பக்கம் மண்டையோட்டுப் படத்தோடு சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால் வீதியை விட்டு ஓர் அடியும் இறங்கவேண்டாம், ஒதுங்குவதற்கும் வேண்டாம். கடற்படை முகாம்களுக்குக் கிட்ட இரவு நிற்கவேண்டாம். சுண்டிக்குளம் 2015 முதல் தேசிய பூங்கா. உள்ளே இரவு தங்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை.

கசூரினா, சாட்டிக் கடற்கரைகளுக்குப் பகலில் போய், இரவுக்கு வளவு ஒன்றுக்குத் திரும்புவதே குடும்பத்துக்கு வசதி. மணலில் இறங்கவே வேண்டாம். நெடுந்தீவு போகிறவர்கள் வண்டியைக் குறிகட்டுவானில் விட்டுவிட்டுப் படகில் போகவேண்டும், எனவே பெறுமதியான சாமான் உள்ளே இருக்கக்கூடாது.

நிறுத்தியதும் மட்டம் பாருங்கள். தண்ணீர்ப் போத்தலைத் தரையில் கிடத்தினால் எந்தப் பக்கம் உருள்கிறது என்று தெரியும். அந்தப் பக்க ரயருக்குக் கீழே பலகை வைத்து ஏற்றுங்கள். சரிவில் படுத்தால் தலை கீழாகி நித்திரை வராது, குளிர்ப்பெட்டிக் கதவும் தானாகத் திறக்கும். வண்டியின் முகம் எப்போதும் வெளியே போகும் பக்கம் பார்க்கட்டும். இரவில் எழும்பிப் போகவேண்டிவந்தால் பின்னுக்கு எடுக்கும் வேலை இருக்காது.

13. திருப்பிக் கொடுப்பது

முதல் நாள் இரவே சுத்தம் செய்யத் தொடங்குங்கள். மலசலகூடக் கலனைக் காலியாக்கி இரண்டு தரம் அலசுங்கள், தாங்கித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள், குளிர்ப்பெட்டியைத் துடைத்துக் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

எரிபொருளைக் கையேற்ற அளவுக்கு நிரப்பி, பற்றுச்சீட்டை வையுங்கள். கையேற்றபோது எடுத்த வீடியோவைப் போலவே மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள், உரிமையாளரும் பக்கத்தில் நிற்கட்டும். புதிய கீறல் இருந்தால் நீங்களே முதலில் காட்டிப் பேசிவிடுங்கள். அவர் கண்டுபிடித்தால் தொகை கூடும். வைப்புப் பணம் அந்த இடத்திலேயே முழுதாக வராவிட்டால், எவ்வளவு, என்ன காரணத்துக்குப் பிடித்தது, மிச்சம் எந்தத் திகதியில் வரும் என்று எழுதி ஒப்பமிட்டு வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.